தாதுக் கப்பலில் தூங்கியவன்

ஐவி கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கோட்டின் முதுகில் யாரோ துப்பிய எச்சில் இன்னும் காயவில்லை.

"நாளைக்கு விசாரணை, சார். ஜெயில்தானாம். என் புருஷன் கப்பல் அதிகாரி. அவர் அறையில வெளிச்சம் தெரிஞ்சுதான் ஜெர்மன்காரன் கப்பலை அடிச்சானாம். அதே கப்பல் சமையல்காரன் பில்லிங் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறான்."

ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஹாக்ஸ்வர்த் நிதானமாகக் கேட்டார். "என்ன சரக்கு?"

"இரும்புத் தாது."

அவர் தொப்பியை எடுத்தார். உதவியாளர் வின்னி அதற்குள் வாசலில் நின்றாள். போர் நடந்த அந்த ஆண்டு லிவர்பூலில் கடலுக்கு ஆளைப் பறிகொடுக்காத தெரு இல்லை. கடித்துக் குதற ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது ஊர். வின்னிக்கு அந்த ஊரின் மேலேயே வெறுப்பு வந்தது.

மாலுமிகள் விடுதியில் பில்லிங்கைச் சுற்றிக் கூட்டம்.

"வந்துட்டா பாரு, விளக்குக்காரன் பெண்டாட்டி!" என்றான் ஒருவன்.

"வெளிச்சம் நிஜம்தான்," என்றார் அதே கப்பலிலிருந்து தப்பி வந்த மூத்த மாலுமி மக்ரீடி. "இந்தம்மா புருஷன் அறை ஜன்னலுக்கு நேரா தண்ணியில விழுந்துச்சு. நான் கத்தறதுக்குள்ள டார்பிடோ அடிச்சிருச்சு. அவர் அப்ப மேலே காவல்ல இருந்தாரு. கப்பல் கல்லு மாதிரி முழுகிப்போச்சு. இந்தப் பில்லிங்கை உள்ளாடையோட தண்ணியிலேர்ந்து தூக்கினோம்."

"நான் கீழே என் கட்டில்ல தூங்கிட்டிருந்தேன்," என்றான் பில்லிங். "ஓடி வரேன், அவர் அறை ஜன்னல்ல, வெளிச்சத்தை மறைக்கிற இரும்பு மூடி திருகு கழண்டு தொங்குது!"

"இதுக்கு முன்னால எந்தக் கப்பல்ல இருந்தே?" என்றார் ஹாக்ஸ்வர்த்.

"பெட்ரோல் கப்பல்."

வின்னியால் பொறுக்க முடியவில்லை. "அதனால என்ன சார்?"

"பெட்ரோல் கப்பல்ல அடி விழுந்தா எங்கே இருந்தாலும் சாவுதான். அதனால உடுப்பைக் கழட்டிட்டு, கதவைச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்குவாங்க. தாதுக் கப்பல் அடி விழுந்தா ஒரே நிமிஷத்துல முழுகிடும், குதிச்சாதான் பிழைக்கலாம். அதனால அதுல எல்லாரும் பூட்ஸைக்கூடக் கழட்டாம மேல்தளத்துல படுப்பாங்க. இவனைப் பழைய பழக்கம் விடலை."

"கீழேதான் தூங்கினேன்!"

"கீழே தூங்கினவன் இப்ப கடலுக்கடியில இருப்பான். மேல்தளத்துல, உயிர்காப்புப் படகுக்குப் பக்கத்துல மெத்தை போட்ட அறை ஒண்ணுதானே, மக்ரீடி?"

"ஒண்ணுதான். அதிகாரியோடது," என்றார் மக்ரீடி. அவர் முகம் மாறியது. "அந்த மூடியும் உள்பக்கம்தான் இருக்கு. கடல் பக்கம் பார்த்த ஜன்னல். மூடி தொங்கினது உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்."

"காத்து வரட்டும்னு திறந்தவனுக்கு," என்றார் ஹாக்ஸ்வர்த்.

பில்லிங் பின்வாங்கினான். "புழுக்கமா இருந்துச்சு... விளக்கை அணைக்க மறந்துட்டேன்..."

நாற்காலிகள் சரிந்தன. கூட்டம் அவன்மேல் பாய எழுந்தது. ஐவி குறுக்கே வந்து நின்றாள்.

"இவனைத் தண்ணியிலேர்ந்து தூக்கினது யார், மக்ரீடி?"

"உன் புருஷன்தாம்மா."

பில்லிங் தலையைத் தொங்கப்போட்டான்.

"அவர் காப்பாத்தின உயிரை நீங்க எடுக்க வேணாம். நாளைக்கு விசாரணையில இவன் வாயாலேயே சொல்லட்டும்."

முன்பு கத்தியவன் கைக்குட்டையோடு வந்தான். "கோட்டைத் துடைச்சு விடறேம்மா..."

"தொடாதே. நாளைக்கு இதே கோட்டோடதான் வருவேன்," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.