தக்காளி நிறத்தில் ஒரு கடல்

திங்கட்கிழமை காலையில் கடல் தக்காளி ரசம்போலச் சிவந்து கிடந்தது. ஊரே படகுத்துறையில் கூடிவிட்டது.

"பாண்டெலிஸ்தான் காரணம்! நேத்து படகுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சான்" என்றார் ஸ்டெர்ஜியோஸ். அவர் நெல் விவசாயி; பதினொரு வயது அர்கிரோவின் அப்பா.

"ரெண்டு டப்பா பெயிண்ட்ல கடலே செவக்குமா?" என்று கத்தினார் பாண்டெலிஸ். கடலில் கயிறு கட்டி, உணவுக்காக மட்டிச் சிப்பி வளர்ப்பவர் அவர். "தண்ணி இப்படிக் கெடந்தா என் மட்டியை ஒருத்தரும் தொட மாட்டாங்க. நானே கெடுப்பேனா?"

அர்கிரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெயிண்ட் சொட்டியதை அவளும் பார்த்திருந்தாள். ஆனால் இவ்வளவு சிவப்பா? தண்ணீரில் கையை விட்டாள். விரலில் பெயிண்ட் ஒட்டவில்லை. குழப்பம் இன்னும் கூடியது.

ஒரு பாட்டிலில் கடல்நீரை மொண்டுகொண்டு பள்ளிக்கு ஓடினாள். நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள்.

"டீச்சர்! பெயிண்ட் நீந்துது!"

அஸ்பாசியா டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாசிடீ இது. கண்ணுக்கே தெரியாத பாசி. எப்பவும் கொஞ்சம் இருக்கும்."

"இன்னிக்கு ஏன் இவ்வளவு?"

"தண்ணியோட சூடும் உப்பும் மாறும்போது மத்த பாசியெல்லாம் தவிக்கும். இது மட்டும் பெருகும். அதுக்குத் தீனி அதிகமா கெடைச்சிருக்கு. உரம், சாக்கடை, இப்படி ஏதாவது."

உரமா? போன வாரம் அப்பா வயலுக்கு உரம் போட்டார். மறுநாளே கொட்டிய மழையில் வாய்க்கால் நிரம்பிக் கடலுக்குள் ஓடியது. சொன்னால் அப்பா மாட்டுவார். சொல்லாவிட்டால் பாண்டெலிஸ் மாமா மாட்டுவார்.

சாயங்காலம் டீச்சரிடம் கேட்டு நுண்ணோக்கியை, கூட்டம் இன்னும் கலையாத படகுத்துறைக்கே கொண்டுவந்தாள்.

"அப்பா, இதப் பாருங்க. இது பெயிண்ட் இல்ல. நம்ம உரத்தத் தின்னு வளர்ந்த பாசி. நம்ம வயல் மட்டும் இல்ல, எல்லார் வயலும், ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துதான்."

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அடேங்கப்பா! என் நெல்லுகூட இவ்வளவு செழிப்பா வளரலியே!"

பாண்டெலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்பா தொப்பியைக் கழற்றினார். "தப்பாப் பேசிட்டேன், பாண்டெலிஸ். இனிமே மழை வருதான்னு பாத்துட்டுத்தான் உரம் போடுவேன். மத்தவங்ககிட்டயும் நானே சொல்றேன்."

பாண்டெலிஸ், தான் உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.