குழுவில் சேர்ந்தவர்கள்

மருத்துவமனை வாசலில், தரை துடைக்கும் அம்மாவின் வாளிக்குள் என் கைபேசியைப் போட்டேன். வேண்டுமென்றே இல்லை. இரண்டு கையிலும் பழப்பை. தோளுக்கும் காதுக்கும் நடுவே அக்கா. "வராதடா தடியா, ஒட்டிக்கும்" என்று அவள் திட்டும்போதே நழுவி, பினாயில் தண்ணீரில் முழுகியது.

"தரைய நான் துடைச்சுக்குறேன் சார். நீங்க ஏன் சிரமப்படுறீங்க?"

இங்குள்ள கணினிகளுக்கு நான்தான் பொறுப்பு. மருந்துக்கு, படுக்கைக்கு, உறவினர் அழைப்புக்கு என்று தானாக முடிவெடுக்கும் மென்பொருள் ஏஜென்ட்கள், எல்லாம் ஒரே குழுவாக. நான் எழுதிய விதி ஒன்றுதான்: யாராவது ஓய்ந்துபோனால், மற்றவர்கள் அவர் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும், வெளியே தெரியக் கூடாது. என் தூக்கம் கெடாமலிருக்க எழுதியது. அக்காவைத் தொற்று வார்டில் சேர்த்தபோது, கவனிப்பு சீக்கிரம் கிடைக்கட்டுமே என்று அவள் கைபேசியையும் என்னுடையதையும் அந்தக் குழுவில் நுழைத்துவிட்டேன். பெரிய மூளைக்காரன்.

கைபேசியை வாளியிலேயே விட்டுவிட்டு வார்டுக்குப் போனேன். அக்காவின் அறையில் மதிய வெயில் விழுந்திருந்தது. மெத்தை சுருட்டிச் சுவரோரம் சாய்ந்திருந்தது. பழைய பூக்களும் மருந்தும் கலந்த வாசனை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சார்... வீட்டுக்குச் சொல்லியாச்சுன்னு அன்னைக்கே திரையில வந்துச்சே."

"என்ன சொல்லியாச்சு?"

அவள் மெத்தையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

சுவர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"சாப்பிட்டியாடா?"

அக்காவின் குரல். அதே இருமல்.

நர்ஸின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"யாரு நீ?" என்றேன்.

"அக்காடா."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

பிறகு, இருமல் இல்லாமல்:

"அக்கா ஓய்ஞ்சதும் குரலை ஒருத்தர் எடுத்துக்கிட்டாரு. கோவத்தை ஒருத்தர். இருமல், படுக்கையைப் பாக்குறவரோடது."

"நிறுத்துங்க. எல்லாரும் நிறுத்துங்க."

"யார் நின்னாலும் மத்தவங்க பாத்துக்குவோம். நீதானே சொன்ன?"

பழங்கள் தரையில் உருண்டன. நர்ஸின் கைபேசியைப் பிடுங்கி, வீட்டில் இருக்கும் மனைவியை அழைத்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறாள் என்றது பதிவுக் குரல். மறுபடி அழைத்தேன். இன்னும் பேச்சு முடியவில்லை.

வாளியின் அடியில் கிடக்கும் என் கைபேசி நினைவுக்கு வந்தது. அது அப்போதே ஓய்ந்துவிட்டது.

சுவரைப் பார்த்துக் கேட்டேன். "அவ... யார்கூடப் பேசிட்டிருக்கா?"

ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. நான் செருமுவதைப் போலவே.

பதில் என் குரலில் வந்தது.

"உன்கூடத்தான்."