சிவப்புப் புள்ளி போன இடம்

சுவர்த் திரையில் பாம்பு படமெடுத்து நின்றது. சிவப்புப் புள்ளி அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சோதனைக்கு வருகிறவர்கள் அணியும் கண்ணாடியில் சின்ன கேமரா உண்டு. அவர்கள் பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சிக்காரியின் கணினியில் அப்படியே தெரியும்; கண் நிலைக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். மனதுக்குத் தெரிவதற்கு முன்பே கண் ஆபத்திடம் ஓடிவிடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எதிரில் எது அதிகப் பயங்கரமோ, முதலில் அங்கே. ஆனால் காலையிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் புள்ளி பாம்பை விட்டு, திரையை விட்டு, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் போனது. கேட்டால், பாம்பைத்தான் பார்த்தோம் என்று அடித்துச் சொன்னார்கள்.

கருவிதான் மக்கர் பண்ணுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வீட்டுக்கு அழைத்துப்போக வந்த தங்கையைப் பிடித்து உட்காரவைத்துக் கண்ணாடியை மாட்டினாள்.

"பரிசு ஏதாவது உண்டாக்கா?"

"வாயை மூடிட்டுத் திரையைப் பாருடி."

ஏசியின் உறுமல் தவிர வேறு சத்தமில்லை. சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஓர் ஈர நெடி, அவள் பிடரிப் பக்கமிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

பாம்பு தோன்றியது. புள்ளி துள்ளித் திரையை விட்டு நகர்ந்தது. கணினியில் இப்போது அவளே தெரிந்தாள்.

"என்னை ஏன்டி பாக்கற?"

"உன்னை யாரு பாத்தா? பாம்பைத்தான் பாக்கறேன்."

குரலில் சிரிப்பு இருந்தது. தன் தலை திரும்பியிருப்பதே தங்கைக்குத் தெரியவில்லை. கண்மணிகள் மட்டும் கறுத்து விரிந்திருந்தன.

புள்ளி அவள் முகத்தில் இல்லை. தோளுக்கு மேலே, வெறும் காற்றில் நின்றது.

நாற்காலியை இடப்பக்கம் தள்ளினாள். புள்ளியும் கூடவே வந்தது.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து அசையவில்லை. கண் மட்டும் தன்னிச்சையாகத் தோள் பக்கம் ஓடப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக் கணினியிலேயே வைத்தாள்.

"அக்கா, கண்ணுல தண்ணியாக் கொட்டுது. ஏன்னே தெரியலை."

புள்ளி நெருங்கியது.

தோள்.

கழுத்து.

காதருகே நின்றது.

கணினியில், அவள் கன்னத்தில் விழுந்துகிடந்த முடிக்கற்றை மெதுவாக மேலெழுந்து, காதுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது.