பதினேழு வயதுக் கையெழுத்து!

டெலிபோன் அலறியது.

கடிகாரக் கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"உங்க அண்ணனோட மேசையை வித்துட்டீங்களாமே?" மறுமுனையில் தச்சர். "அதைச் செஞ்சு குடுத்தவன் நான். அடியில ஒரு கள்ள அறை உண்டு. நீங்க எழுதின ஏதோ ஒரு கடிதத்தை உறையில போட்டு ஒட்டி, என் கண்ணு முன்னாடி அதுலதான் வச்சாரு. எடுத்துட்டுத்தானே வித்தீங்க?"

கடைக்காரர் ரிசீவரைப் பொத்தென்று வைத்தார்.

அந்தக் கடிதம்!

பத்து வருஷத்துக்கு முன் இதே கடையில் நடந்த திருட்டு... செய்தது நான்தான் என்று அண்ணனுக்கு அழுது எழுதிய கடிதம். அண்ணன் வெளியே மூச்சு விடவில்லை. போன வருஷம் போயும் சேர்ந்துவிட்டார்.

மேசை இப்போது அண்ணன் மகளிடம்!

தாயும் தகப்பனும் இல்லாத பெண். வயது பதினேழு. போன மாதம்தான் அண்ணனுடைய இந்தக் கடையைச் சாமான்களோடு அவளிடமிருந்து அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கியிருந்தார். "அப்பா உக்காந்த மேசையையாவது குடுங்க சித்தப்பா" என்று கேட்டவளுக்கு, அதையும் பில் போட்டு விற்றார்!

நினைத்தால் இப்போதும் அவருக்குக் காது மடல் சுட்டது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிது.

மேசை விற்ற பில்லோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"மேசையைத் திரும்ப வாங்கிக் குடுங்க மேடம்! அந்த விற்பனை செல்லாது."

இன்ஸ்பெக்டர் அம்மாள் நிமிர்ந்தார். "ஏன்?"

"வாங்கின பொண்ணு மைனர். பதினெட்டு ஆகாதவ போட்ட ஒப்பந்தம் சட்டப்படி வெத்துப் பேப்பர்!"

"பில்லுல வயசு பதினெட்டுன்னு இருக்கே?"

"அது... நான் எழுதினது."

"அப்ப நிஜ வயசு உங்களுக்கு நல்லாத் தெரியும்?"

"தெரியாமயா? அவ பொறந்தப்போ முதல்ல கையில வாங்கினவனே நான்தான் மேடம்!"

சொன்ன வேகத்தில் குரல் உடைந்தது. அன்று அவளை ஏந்திய கைதான் போன மாதம் அவளிடம் பேனாவை நீட்டியது.

"சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

இன்ஸ்பெக்டர் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் அண்ணன் மகள் வந்துவிட்டாள். வாசலில் வேன்... வேனில் மேசை!

"மைனர் போட்ட கையெழுத்து செல்லாதா மேடம்?"

"செல்லாதும்மா."

"அன்னைக்கு நான் மைனர்னு சித்தப்பாவே எழுதிக் குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரே!"

அவள் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து வைத்தாள். கடையைச் சித்தப்பாவுக்கு விற்ற பத்திரத்தின் நகல். அதே தேதி. அதே பேனா. அதே பொய் வயது!

மேசை விற்பனை செல்லாதென்றால் கடை விற்பனையும் செல்லாது!

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு பழைய உறையைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"கள்ள அறையை அப்பா எனக்குக் காட்டியிருக்காரு. 'இது சித்தப்பாவோடது, நீ பிரிக்காதே'ன்னாரு. நான் பிரிக்கல."

ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே சித்தப்பா... இதுக்குப் போய் என் மேல போலீஸா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கூனிக் குறுகிப்போனார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உறையைத் தானே கிழித்து, கடிதத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார்.

"படிங்க மேடம். அந்தத் திருட்டு... நான்தான். இதுக்கு மேல மறைக்க எனக்கு மூஞ்சி இல்ல."

இன்ஸ்பெக்டர் படித்து முடித்தார்.

"இதை அப்புறம் விசாரிக்கறேன். இப்போதைக்கு உங்க புகார்ல ஜெயிச்சது நீங்கதான் சார்! மேசையைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க... போட்டு உக்கார ஒரு கடை மட்டும் பாத்துக்குங்க!"