வெயில் படாத இடம்

மாதத்துக்கு இரண்டு டியூப் களிம்புதான் என்பதால், காலையில் எழுந்ததும் தன் உடம்பில் எதைக் காப்பாற்றுவது என்று பூங்கனி முடிவு செய்ய வேண்டியிருந்தது. முகத்துக்குப் போட்டால் கழுத்துக்கு இல்லை. கழுத்துக்குப் போட்டால் கைகளுக்கு இல்லை. காதுகளை அவள் வெகுகாலம் நினைத்ததே இல்லை. போன ஆண்டு இடது காதின் மேல்நுனியை மருத்துவர் வெட்டியெடுத்த பிறகுதான் அதுவும் தோல் என்று உறைத்தது. இப்போது மூக்கின் ஓரத்தில் ஆறாத சிறு புண். களிம்பு இல்லாமல் இனி ஒரு நாள்கூட உப்பளத்தில் இறங்கக்கூடாது, இறங்கினால் அடுத்து மூக்கு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவ்வளவு களிம்புக்கு எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை.

வானத்தின் வளிக்குடையான ஓசோன் படலம் கிழிந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஒளிக்காப்புக் களிம்பு பூசாமல் பகலில் யாரும் வெளியே போவதில்லை. களிம்போ ஒரு கடற்பாசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. யாருக்கு எவ்வளவு என்பதை நிறமானி முடிவு செய்தது. சோப்புப் பெட்டி அளவுள்ள அந்தக் கருவி தோலின் கருமையைப் பார்த்து, அது எவ்வளவு வெயிலைத் தாங்கும் என்று ஓர் எண் சொல்லும். தாங்கெண் கூடினால் களிம்பு குறையும். உப்பளத்துக்கு வேண்டிய நானூறு பேரையும் அதுவே பொறுக்கியது. ஊராரை எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து, மேலிருந்து நானூறு பேர். சிபாரிசு இல்லை, முகத்தாட்சண்யம் இல்லை. ஆகவே நியாயம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

பூங்கனியும் நம்பினாள். சொல்லப்போனால் மகிழ்ந்தாள். சிறுவயதிலேயே உப்பளத்து வெயிலில் திரிந்து, பள்ளியில் கரிச்சட்டி என்று பெயர் வாங்கியவளை ஒரு கருவி முதன்முதலாக மெச்சியது. அளவை நாளுக்கு ஒரு வாரம் முன்பே உப்பளத்துப் பெண்கள் புறங்கையில் எண்ணெய் தடவி மொட்டை மாடியில் வெயிலுக்குக் காட்டுவார்கள். எண் கூடினால் வேலை நிலைக்கும். இருபது ஆண்டு அவளும் காட்டினாள்.

மூன்று வருடம் முன்பு கணுக்கால் முறிந்து நான்கு மாதம் வீட்டுக்குள் கிடந்தாள். அந்த முறை எழுபத்தொன்று அறுபத்துநான்காக இறங்கியது. டியூப் மூன்றாக வந்தது. மறுபடி உப்பளம் போனாள். அடுத்த ஆண்டே எழுபத்தொன்று, இரண்டு டியூப். அதே பூங்கனி, அதே தோல். யோசிக்க யோசிக்க அவளுக்கு விளங்கியது. அவளால் தாங்கக்கூடிய வெயிலைக் கருவி அளக்கவில்லை. அவள் ஏற்கெனவே தின்று தீர்த்த வெயிலை அளந்தது. வெந்த இடத்தைக் கவசம் என்று எடுத்துக்கொண்டு, கவசம் இருப்பவளுக்குக் களிம்பு எதற்கு என்றது. கருவிமேல் வந்த கோபம் சீக்கிரம் அடங்கியது. எண்ணெய்க் கைகளைத் தானே நீட்டிக்கொண்டு நின்ற நினைவுதான் அடங்கவில்லை.

இந்த ஆண்டு அளவை நாளில் அவள் எண்ணெய் தடவவில்லை. வரிசையில் பின்னால் நின்ற உப்பளத்துத் தோழி சேர்மக்கனியிடம் மட்டும் செய்யப்போவதைச் சொன்னாள். சேர்மக்கனி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, எண்ணு கொறஞ்சா வேலை போயிரும். மூக்கு இல்லாமக்கூட கஞ்சி குடிக்கலாம்."

"மூக்கோட குடிச்சிப் பாக்கணும்னு ஆசையா இருக்குட்டி."

அளவை அலுவலர் ஞானதிரவியம் குளிரறையில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். நல்ல மனிதர், யாரையும் அதட்டியதில்லை. தினமும் கருவியைச் சரிபார்க்க முதலில் தன் புறங்கையை அளப்பார். நாற்பத்தாறு. மேசைமேல் கருவியைப் பொருத்தியிருந்த தாங்கியில் பூங்கனி கையை வைக்கவில்லை. புடவைமேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, ரவிக்கைக் கையையும் சேர்த்துச் சுருட்டி, மேல்கையின் உட்புறத்தைக் காட்டினாள்.

அந்த இடத்தை அவளே பார்த்து நாளாயிற்று. வெயில் தொடாத பூங்கனி அங்கே ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் முன்னால் அவளை வெளியே கொண்டுவரக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

தாங்கி புறங்கைக்குத்தான் செய்தது என்றார் ஞானதிரவியம். இயல்பான தோலை அளக்க வேண்டும் என்றுதான் சுவரில் எழுதியிருக்கிறது, எந்த இடம் என்று எழுதவில்லை, இருபது வருடமாக வரிசையில் நின்று அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள் பூங்கனி. பிறகு அவளே கருவியைத் தாங்கியிலிருந்து எடுத்து மேல்கையில் ஒற்றினாள்.

நாற்பத்துநான்கு. நாற்பதுகளில் எண் இருந்தால் மாதம் ஆறு டியூப்.

கருவி கெட்டுவிட்டது என்று அவர் தன் சட்டையைச் சுருட்டித் தன் மேல்கையின் உட்புறத்தை அளந்தார். நாற்பத்தாறு. வெயிலே காணாதவருக்கு உள்ளும் புறமும் ஒன்றுதான். இரண்டு கைகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருடையது ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்திருந்தது. அதை இருவருமே பார்த்தார்கள்.

சேர்மக்கனி அந்த இரண்டு கைகளையும் எட்டிப் பார்த்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தன் சட்டையைச் சுருட்டத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள்.

சுவர்த்திரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. நானூறாவது ஆளின் எண் அது. மற்ற ஊராரை முந்தின நாட்களிலேயே அளந்தாயிற்று; உப்பளத்தாருக்கு மட்டும் போன ஆண்டு எண் நின்றது. காலையில் அறுபத்துமூன்றில் நின்ற கோடு உச்சிவேளையில் ஐம்பத்தைந்துக்கு வந்தது. உப்பளத்துப் பெயர்கள் கீழே இறங்க, அதுவரை உப்பைத் தட்டில் மட்டுமே கண்ட பெயர்கள் மேலே ஏறின. வங்கிக்காரர் ஒருவர், நூலகர், பதிவாளரின் மருமகன். மாலையில் கடைசிப் பெண்ணும் அளந்து முடித்தபோது கோடு நாற்பத்துநான்கில் நின்றது. நானூறாவது பெயர் பூங்கனி. அதற்கு நான்கு பெயர் மேலே ஞானதிரவியம்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. நாளை மறு அளவை என்று அறிவித்துவிடலாம், எல்லோரும் பழையபடி புறங்கையை வைத்துவிடுங்கள், உங்களுக்கு மட்டும் மாதம் ஆறு டியூப் வர நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஆறு டியூப். அவள் கேட்டு வந்தது அதைத்தான். காது, கழுத்து, கை, மூக்கு என்று ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தாள். வாங்கிக்கொண்டால் நாளைக் காலை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வெளியே பெண்கள் சுருட்டிய சட்டைக் கைகளை இறக்காமலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்த ஆறு இப்ப எல்லாருக்கும் வருது சார். ஒங்களுக்கும் வரும்," என்றாள். "உப்பளத்து வண்டி காலையில ஏழு மணிக்கு. கால் மணி நேரம் முன்னாலயே பூசிருங்க. பூசுன கையோட இறங்குனா பிடிக்காது."

"என் தோலு தாங்காதும்மா."

பூங்கனி திரையைப் பார்த்தாள்.

"நாப்பத்தாறு சார். என்னையவிட ரெண்டு கூட."