மூன்றாம் குழாயில் கடல்

சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஒரு கிரேடு நிறையக் கலர் சோடா பாட்டில்களோடு ஞானபாக்கியம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். சோடாக் கம்பெனி முதலாளியானாலும் சும்மா ஒரு கோலிக்குண்டுகூட யாருக்கும் கொடுத்தறியாத மனுஷர். விஷயம் பெரிது என்று டாக்ஸி டிரைவர் ரோச்சுக்கு அப்போதே புரிந்துபோயிற்று.

"டீச்சர், நாளைக்குக் காலையில என் கம்பெனிக்கு சீல் வைக்க வாரானுவ! குடும்பமே தெருவுக்கு வந்துரும்!"

நாசரேத் பள்ளியில் ரசாயனப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் டீச்சர். காணாமற்போன நகையிலிருந்து கலப்பட எண்ணெய் வரை ஊர் வழக்கெல்லாம் அவரிடம்தான் வரும். அவருக்குக் கார் ஓட்டுவதால் தானும் பாதித் துப்பறிவாளன் என்பது ரோச்சின் எண்ணம்.

அண்ணாச்சி மூச்சு வாங்கச் சொன்னது இதுதான். கம்பெனிக்கு உயிர் அதன் நல்ல தண்ணீர்க் கிணறு. கிழக்கே தேவதாசனின் உப்பளம், அதற்கப்பால் கடல். கடல் நீர் மண்ணுக்கடியில் ஏறி வருகிறதா என்று பார்க்க, இடையில் அரசாங்கம் மூன்று கண்காணிப்புக் குழாய்களை இறக்கியிருந்தது. ஒன்றாவது உப்பளத்தை ஒட்டி. மூன்றாவது கிணற்றை ஒட்டி. போன வாரம் இளைய அதிகாரி தேவபிரசாதம் மூன்றிலும் மாதிரி எடுத்துப் போனார். மூன்றிலும் உப்பு. கடல் ஏறிவிட்டது, இனிக் கிணற்றில் இறைக்கக் கூடாது என்றுதான் சீல்.

"அந்தத் தேவதாசன் வேலைதான் டீச்சர். என் இடத்த விலைக்குக் கேட்டான், மாட்டேன்னேன். உப்புத் தண்ணிய ஊத்திட்டான்!"

"அப்ப முடிஞ்சுபோச்சு!" ரோச் சாவியைச் சுழற்றினான். "குற்றவாளியக் கார்ல ஏத்திக்கிட்டு வந்துருவோம் டீச்சர்."

"பொறு. எந்தக் குழாயில உப்பு அதிகம்?"

"மூணாவதுலதான். ரெண்டாவதுல கொஞ்சம் கம்மி. ஒண்ணாவதுல பேருக்குத்தான்."

டீச்சர் சிரித்தார். "கடலுக்குப் பக்கத்துல கம்மி, தூரத்துல அதிகம். கடல் என்ன, சுவரேறிக் குதிச்சா வந்துது?"

டீச்சரின் ரசாயன மருந்துப் பெட்டியை வைக்க ரோச் டிக்கியைத் திறந்தான். உள்ளே அவனுடைய திரேஸ்புரத்து மச்சானின் படகு நங்கூரக் கயிறு சுருண்டு கிடந்தது. அதில் பெரும்பகுதி உப்புப் பூத்து வெளுத்திருக்க, ஒரு முனை மட்டும் குளித்துத் தலைவாரியதுபோல் சுத்தமாக இருந்தது. டீச்சர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மூன்றாம் குழாயருகே எல்லோரும் கூடினார்கள். தேவதாசன் குடையை ஊன்றியபடியே ஆரம்பித்தார். "ஏ அண்ணாச்சி! நான் உப்பை விக்கிறவன். உம்ம குழாயில சும்மா கொட்ட எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ரோச்சுக்கு இந்த வாதம் நியாயமாகப் பட்டது. இருந்தாலும் அவர் ஓடினால் பிடிக்கத் தோதாகப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

டீச்சர் அதிகாரியிடம் திரும்பினார். "தம்பி, முதல்ல எந்தக் குழாயில எடுத்தீங்க?"

"மூணாவதுல. கார் இங்கனதான் நின்னுது. அப்புறம் ரெண்டு, ஒண்ணுன்னு போனேன்."

"எடுக்கறதுக்கு முன்னால, தேங்கிக் கிடந்த தண்ணிய இறைச்சுக் கொட்டினீங்களா?"

தேவபிரசாதம் தன் ஷூவைப் பார்த்தார். "நல்ல வெயிலு டீச்சர்... தண்ணி மொள்ளுற சிமிழை இறக்கினேன், பாட்டில்ல ஊத்தினேன்."

"தேங்கின தண்ணி குழாயோட சங்கதியத்தான் சொல்லும். குழாய் கொள்ளுற தண்ணியப்போல மூணு மடங்கு இறைச்சாத்தான் மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி வரும். அதுதான் மாதிரி. சரி, சிமிழை எந்தக் கயித்துல கட்டினீங்க?"

"ஆபீஸ் கயித்த மறந்துட்டேன். அதான் டாக்ஸி டிரைவர் ஒரு கயிறு தந்தாரு."

"எந்த டிரைவர்லே அவன்?" என்று ரோச் துள்ளினான். அதிகாரியின் விரல் அவனை நோக்கி நீண்டபோதுதான், போன வாரச் சவாரி அவனுக்கு நினைவு வந்தது.

டீச்சர் நங்கூரக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். லேசாக மூட்டம் கட்டியது. இன்னொரு குவளையில் அதே தண்ணீர். அதில் கயிற்றின் வெளுத்த முனையைச் சற்று ஊறவிட்டு எடுத்து, மருந்தைச் சொட்டினார். தயிராய்த் திரண்டது.

"வருஷக்கணக்கா கடலைக் குடிச்ச கயிறு. முதல்ல இறங்கின மூணாவது குழாயில நிறைய உப்பைக் கக்கிட்டு, ரெண்டாவதுல கொஞ்சம் விட்டுட்டு, ஒண்ணாவதுக்கு வரும்போது சிமிழ் கட்டின முனை குளிச்சு முடிச்சிட்டுது. உப்பு கடல்லேருந்து வரல, டிக்கியிலேருந்து வந்துது."

புதுக் கயிற்றைக் கழுவிக் கட்டி, மூன்றாம் குழாயை ஆள் மாற்றி ஆள் இறைத்தார்கள். தேவதாசன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறைத்தார். புதிதாக ஊறிய தண்ணீரில் மருந்து விழுந்தபோது லேசான மூட்டம்தான். தேவபிரசாதம் சீல் அரக்கைப் பைக்குள் போட்டார். "மூணுலயும் முறையா இறைச்சு மறுமாதிரி எடுக்கேன். அதுவரைக்கும் சீல் கிடையாது."

"வே, உம்மள அநியாயமாப் பேசிட்டேன். ஒரு கலர் குடிச்சிட்டுப் போம்" என்று தேவதாசனிடம் சொன்ன அண்ணாச்சி, அவர் குடித்து முடித்துக் காலிப் பாட்டிலைத் திருப்பித் தரும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ரோச் கயிற்றைச் சுருட்டி அக்குளில் ஒளித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவப் பார்த்தான்.

"எங்கலே போற?" டீச்சர் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். "குற்றவாளியக் கார்ல ஏத்திக்கிட்டு வாரேன்னு சொன்னியே. ஏறு."