நசிபா சொன்ன டாக்டர்

"குடிக்கிறியா, இல்ல உன் அம்மா வீட்டுக்கே போறியா?"

மர்கிலான் ஊரில் அந்த வீட்டு முற்றத்தில் காலை ரொட்டி இன்னும் சூடு ஆறவில்லை. அதற்குள் மாமியார் மவ்லூதா ஆரம்பித்துவிட்டாள்! அவள் நீட்டிய கிண்ணத்தில் கறுப்பாய்க் கஷாயம்.

"அத்தை, இதைக் குடிச்சுக் குடிச்சு வயிறுதான் புண்ணாகுது. ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கிறேனே..." இன்னும் பிள்ளை உண்டாகாத இளைய மருமகள் ஒய்தின் கெஞ்சினாள்.

"டாக்டராம் டாக்டர்! உன் ஓரகத்தி நசிபாவுக்கு ரெட்டைப் புள்ளை எப்படி வந்துச்சாம்? இந்தக் கஷாயத்தாலதான்! நான் சொல்லித்தான் இந்தத் தெருவே கஷாயக்காரிகிட்டப் போகுது, தெரியுமா?"

பாவம் ஒய்தின், என்ன செய்வாள்! விருந்துக்கு வந்த பெண்களிடமெல்லாம் நல்ல டாக்டர் யாரென்று கேட்டுப் பார்த்துவிட்டாள். எல்லோரும் நசிபாவின் பிள்ளைகளைக் காட்டி, கஷாயமே போதும் என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காதே ஒய்தின்!" அடுக்களையிலிருந்து ஓடிவந்த நசிபா கிண்ணத்தைப் பிடுங்கினாள். "அத்தை... என்னை அடிங்க, கொல்லுங்க! நான் இதை ஒரு நாளும் குடிச்சதில்ல. அம்மா வீட்டுக்குன்னு சொல்லிட்டு தாஷ்கண்ட் போனேன். லோலா டாக்டர் வைத்தியத்துலதான் புள்ளைங்க பொறந்தாங்க. வெளியே சொன்னா கண்ணு பட்டுடும்னு வாயை மூடிக்கிட்டேன்..."

மவ்லூதா தொப்பென்று உட்கார்ந்தாள். "அடிப்பாவி! ஊருக்கெல்லாம் என்னைப் பொய் சொல்ல வச்சிட்டியேடி!" ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்த டாக்டரு எப்படி?" என்றாள்.

"பொறுமையாக் கேப்பாங்க. முடியாதுன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. புருஷனையும் சோதிக்காம மருந்து எழுத மாட்டாங்க."

"புருஷனையுமா?" மவ்லூதா உள்ளே திரும்பிக் கத்தினாள். "டேய் பொதிர்! பொண்டாட்டியை அழவிட்டுட்டுத் தூங்கினது போதும். நீயும் கிளம்புடா!"

அழுகைக்கு நடுவே ஒய்தினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மவ்லூதா அவளை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"உன்னைப் போட்டு வதைச்சுட்டேனே தங்கம்... மன்னிச்சுடுடி!"

"அத்தை, வெளியில தெரிஞ்சா புள்ளைங்களுக்கு..." நசிபா தயங்கினாள்.

"கண்ணு பட்டா படட்டும்! நான் அனுப்பிவச்ச பொண்ணுங்க இன்னும் அந்தக் கருமத்தைக் குடிச்சிட்டிருக்காங்களே!"

முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, இரு மருமகள்களையும் கைப்பிடித்து இழுத்துப் போய், பக்கத்து வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள் மவ்லூதா.

"கதவைத் திறங்கடி! மன்னிப்புக் கேக்கவும் வந்திருக்கேன், நல்ல டாக்டர் பேரு சொல்லவும் வந்திருக்கேன்!"